நடுதல் ஒரு நாள், காத்தல் பல்லாண்டு

நிழலுக்காகவும் பழத்துக்காகவும் மரம் வளர்ப்பதைப் பாரத மக்கள் தொன்றுதொட்டு அறமாகவே போற்றி வந்துள்ளனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாமன்னர் அசோகர், சாலையோரங்களில் ஆலமரங்களை நடச் செய்ததையும், மாந்தோப்புகளை உண்டாக்கியதையும், கிணறுகள் தோண்டுவித்ததையும் தமது தூண் சாசனத்தில் பதிவு செய்திருக்கிறார். மனிதருக்கும் விலங்குகளுக்கும் அவை பயன்பட வேண்டும் என்பது அவர் கூறிய நோக்கம். தோப்பைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே கிணற்றையும் அவர் சேர்த்துச் சொல்லியிருப்பது சிந்திக்கத்தக்கது. நீரைப் பற்றி எண்ணாதவர் தோப்பைப் பற்றி எண்ணிப் பயனில்லை.

இன்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தில், நாடெங்கும் கன்றுகள் நடப்படுகின்றன. கேரள அரசு 2020ஆம் ஆண்டில் 1 கோடி பழமரக் கன்றுகளை நடும் திட்டத்தைத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் பள்ளிகளும் கோயில் குழுக்களும் இப்பணியில் ஆர்வத்தோடு ஈடுபடுகின்றன. இவை பாராட்டுக்குரியவை. ஆனால், நடப்பட்ட கன்றுகளுள் எத்தனை இரண்டாவது கோடையைக் கடந்து உயிரோடு நிற்கின்றன என்ற கேள்வியே பணியின் உண்மையான அளவுகோல். கன்றை நடுவதற்கு ஒரு நாள் உற்சாகம் போதும். அதை மரமாக்குவதற்குப் பல ஆண்டு ஒழுக்கம் வேண்டும். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகள் இந்தப் பாடத்தைத் தெளிவாகக் கற்பிக்கின்றன.

மண்ணை அறிதல்

பாலக்காடு மாவட்டம் கோயம்புத்தூரையும் நீலகிரியையும் ஒட்டியுள்ளது. அதற்குத் தெற்கே ஆனைமலைத் தொடரைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். அது திருப்பூர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களோடு எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்துடன் இங்குதான் நிற்கிறது. இரு பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் பழங்குடி மொழிகளும் அன்றாடம் கலந்து ஒலிக்கின்றன.

மலையாள நாடு என்றதும் ஓயாத மழையும் பசுமையும் நினைவுக்கு வரும். எல்லைப் பகுதிகளின் நிலை அவ்வாறு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மார்கழி தொடங்கி மாசி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இளங்கன்றுகளை வாட்டிவிடும். அட்டப்பாடியின் மேற்குப் பகுதியில் பெருமழை பெய்யும். கிழக்கே செல்லச் செல்ல மழை பெரிதும் குறைந்துவிடும். இடுக்கியில் மறையூரை அடுத்த சின்னாறு வனப்பகுதி மழைமறைவுப் பிரதேசம். அங்கே முட்புதர்க் காடுகள்தாம் இயற்கை. அதே மாவட்டத்தில் காந்தளூர், வட்டவடை ஆகிய குளிர்ந்த மலையூர்களில் ஆரஞ்சு, பிளம்ஸ், பீச், பேரிக்காய், ஆப்பிள் ஆகியவை விளைகின்றன.

ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இவ்விடங்கள் அனைத்திலும் கன்று நடுவது பயன் தராது. வறண்ட கிழக்குச் சரிவுகளுக்கு நெல்லி, சீத்தா, இலந்தை, நாவல், புளி, விளா ஆகியவை ஏற்றவை. ஓரளவு நீர் கிடைக்கும் இடங்களில் மா, கொய்யா, சப்போட்டா, பப்பாளி ஆகியவற்றை வளர்க்கலாம். மழை மிகுந்த இடங்களில் பலா செழிக்கும். ஆப்பிளும் பிளம்ஸும் குளிர்காலக் குளிர்ச்சி போதிய அளவு இல்லாத இடத்தில் இலை விட்டாலும் காய்ப்பதில்லை. தாம் விரும்பும் மரத்தை நடுவதைக் காட்டிலும் அந்த மண் விரும்பும் மரத்தை நடுவதே தொண்டரின் முதற்கடமை.

கல்லூர் பாலன் காட்டிய வழி

பாலக்காடு மாவட்டத்தில் கல்லூர் பாலன் என்ற பெயரை அறியாதவர் குறைவு. பச்சைச் சட்டை, பச்சை வேட்டி, தலையில் பச்சைத் துணி என்று எப்போதும் பசுமை நிறத்திலேயே காணப்பட்ட எளிய மனிதர் அவர். மொட்டையாகக் கிடந்த குன்றுச் சரிவுகளிலும் சாலையோரங்களிலும் பல ஆண்டுகள் அவர் தொடர்ந்து மரம் வளர்த்தார். லட்சக்கணக்கான கன்றுகளை நட்டவர் என்று அவர் போற்றப்படுகிறார். பாறைகள் நிறைந்த அய்யர்மலை அவருடைய உழைப்பால் பசுமை பெற்றது. மரங்களோடு நில்லாமல், காட்டுயிர்களுக்குக் கோடையில் நீரும் உணவும் கிடைக்கவும் அவர் வழி செய்தார். கேரள வனத்துறையின் வனமித்ரா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார்.

அவருடைய வாழ்விலிருந்து கற்க வேண்டியது எண்ணிக்கை அன்று. நிலம் அவருக்குச் சொந்தமானதன்று. மரங்களின் பழத்தில் தமக்கு உரிமை உண்டு என்று அவர் கோரவுமில்லை. நட்ட இடத்துக்கே மீண்டும் மீண்டும் சென்றதுதான் அவருடைய சாதனை. எனினும், தனி ஒருவருடைய தவத்தால் வளர்ந்த மரங்கள் அவர் மறைந்த பின் யாருடைய பொறுப்பில் நிற்கும் என்ற கேள்வி எழுகிறது. ஒருவரைச் சார்ந்த பணி அவரோடு முடிந்துவிடலாம். ஊர் ஏற்றுக்கொண்ட பணி தொடரும். அதனால்தான் பொதுத் தோட்டத்துக்கு உள்ளூர்த் தொண்டர்கள் இன்றியமையாதவர்கள் ஆகின்றனர்.

அட்டப்பாடி தரும் பாடம்

அட்டப்பாடி இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் தாயகம். காடழிப்பினால் இதன் கிழக்குச் சரிவுகள் மொட்டையாயின, ஓடைகள் வற்றின. 1980களில் மலையாளக் கவிஞர் சுகதகுமாரி இங்கே ஒரு தரிசு மலையைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் மக்களின் துணையோடு அதை மீண்டும் காடாக்கினார். அது கிருஷ்ணவனம் என்று பெயர் பெற்றது. பின்னர், 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிதியுதவியோடு அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் சூழல் மீட்புப் பணியைத் தொடங்கியது. தடுப்பணைகள் கட்டுதல், மண்ணரிப்பைத் தடுத்தல், மரம் நடுதல் ஆகிய பணிகளை அச்சங்கம் ஊர்க்குழுக்கள் வழியாக மேற்கொண்டது. தமிழக எல்லையை ஒட்டிப் பாய்ந்து பவானியில் கலக்கும் கொடுங்கரைப்பள்ளம் வற்றிக் கிடந்த நிலை மாறி மீண்டும் நீர் கண்டது, இப்பணியின் குறிப்பிடத்தக்க விளைவு.

இப்பகுதியில் பணியாற்ற வருவோர் முதலில் அறிய வேண்டிய ஒருவர் இருக்கிறார். பழங்குடி ஊர்களில் மூப்பன் தலைவர். அவருக்குத் துணையாகக் குருதலை, வண்டாரி ஆகியோருடன் மண்ணுக்காரன் என்பவரும் உண்டு. மண்ணின் இயல்பை அறிந்து, எப்போது விதைக்கலாம் என்று கூறி உழவைத் தொடங்கி வைப்பது மண்ணுக்காரனின் பொறுப்பு. மண்வளம் அறிந்த ஒருவருக்கு ஊர் நிர்வாகத்திலேயே இடம் அளித்த சமுதாயம் அது. வெளியூரிலிருந்து கன்றுகளோடு வரும் தொண்டர் அவரிடம் கேட்டறியாமல் குழி தோண்டுவது அறிவுடைமை ஆகாது.

நிலம் யாருடையது என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1951இல் அட்டப்பாடி மக்கள் தொகையில் பழங்குடியினர் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. அவர்களுடைய நிலங்கள் பல கைமாறிப் போயின. எனவே வெளியார் நிலத்தில் வேலியிடுவதைக் கண்டால் அம்மக்கள் ஐயுறுவது இயல்பே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு உரிய இடத்தை அளித்துள்ளது. காலியாகத் தோன்றும் இடம் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலமாகவோ, வழிபாட்டு இடமாகவோ, மயானமாகவோ இருக்கலாம். ஊர்க்கூட்டத்தின் முழு ஒப்புதல் பெறாமல் நட்ட தோட்டத்தை எந்த வேலியும் காப்பாற்றாது.

அட்டப்பாடியில் பழமரம் அலங்காரப் பொருளன்று. 2013ஆம் ஆண்டில் இங்கே பச்சிளங் குழந்தைகள் பலர் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டச்சத்துக் குறைவும் பெரிதும் பேசப்பட்டன. பழங்கள் மட்டும் இந்நிலையை மாற்றிவிட முடியாது; ராகி, சாமை போன்ற பழைய தானியங்களும் கீரைகளும் மருத்துவ வசதியும் தேவை. ஆயினும், நெல்லியிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணை செய்கிறது. பப்பாளியும் மாம்பழமும் வைட்டமின் ஏ சத்தை அளிக்கின்றன. அங்கன்வாடியின் பின்புறம் நிற்கும் ஒரு கொய்யா மரம், ஒரு குழந்தையின் உடல்நலத்தோடு நேரடித் தொடர்புடையது.

நீரின் கணக்கு

தோட்டப் பணி கன்று வருவதற்கு முன்பே தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் குழிகளைத் தோண்டி வெயில் படவிட வேண்டும். மாவுக்கு நீள, அகல, ஆழம் மூன்றும் மூன்றடி இருத்தல் நலம். தோண்டியபோது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, அதனோடு மக்கிய தொழுவுரம் கலந்து குழியை நிரப்ப வேண்டும். தென்மேற்குப் பருவமழை நன்கு பெய்யும் இடங்களில் ஜூன் மாதத்தில் நடலாம். மழைமறைவுப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையே துணை என்பதால் அக்டோபரே உகந்தது. ஒட்டுக்கன்றாயின் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். ஒட்டுக்குக் கீழே தோன்றும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். ஒட்டு மாவில் முதல் மூன்று ஆண்டுகள் தோன்றும் பூங்கொத்துகளையும் நீக்கிவிட்டால் மரம் வலுப்பெறும்.

நட்ட பிறகு முக்கியமானது நீர். ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை 10 லிட்டர் வீதம் வார்ப்பதாகக் கொண்டால், 100 கன்றுகளுக்கு வாரம் 2,000 லிட்டர் தேவை. 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 130 குடங்களுக்கு மேல் ஆகும். ஜனவரி முதல் மே வரை ஏறத்தாழ 20 வாரங்களுக்கு 40,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 1,000 கன்றுகளை நடுவது, அவற்றுள் பெரும்பகுதியை வாடவிடுவதற்கு ஒப்பாகும். 10 குடும்பங்கள் ஆளுக்கு 10 கன்றுகளை ஏற்றுக்கொண்டால், ஒரு குடும்பத்துக்கு வாரம் 14 குடங்கள் போதும். அது செய்யக்கூடிய பணி. ஆகவே, எத்தனை கன்றுகள் கிடைக்கின்றன என்பதைப் பாராமல், எத்தனை கைகள் நீர் வார்க்க முன்வருகின்றன என்பதைப் பார்த்தே எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

நீரைச் சிக்கனப்படுத்த எளிய வழிகள் உண்டு. காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டை கொண்டு கன்றின் அடியில் மூடாக்கு இட்டால் ஈரம் நெடுநேரம் நிற்கும். மூடாக்கு தண்டைத் தொடாமல் இருக்க வேண்டும். கன்றின் அருகே மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பினால் வேருக்குச் சிறுகச் சிறுக நீர் கசியும். மேற்கு வெயில் படும் பக்கம் ஓலை கட்டி நிழல் செய்யலாம். கணவாய்க் காற்று வீசும் இடங்களில் கன்றுக்கு ஊன்றுகோல் தேவை. ஆடு மாடுகளைத் தடுக்க முள்வேலியோ உயிர்வேலியோ அமைக்க வேண்டும். கோடை தொடங்குமுன் தோட்டத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு ஏற்படுத்துவது கட்டாயம். மலைச்சரிவில் ஒரு மாலை நேரத் தீ, மூன்று ஆண்டு உழைப்பைச் சாம்பலாக்கிவிடும்.

யானையின் வழி

2018ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று பலாவைக் கேரளம் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. ஏழையின் உணவு என்று போற்றப்படும் அப்பழம் யானைக்கும் மிக விருப்பமானது. பழுத்த பலாவின் மணத்தை யானை தொலைவிலிருந்தே அறிந்துகொள்கிறது. அதனால்தான் காட்டோர ஊர்களில் பலர் பழுப்பதற்கு முன்பே காய்களை வெட்டி அகற்றிவிடுகின்றனர்.

2023 ஜனவரியில் பாலக்காட்டின் தோணிப் பகுதியில் ஊருக்குள் வந்துகொண்டிருந்த ஓர் ஆண் யானை மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் இடுக்கியின் சின்னக்கானலில் ‘அரிக்கொம்பன்’ பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. அது கம்பம் பகுதிக்குள் வந்தபின் ஜூன் மாதத்தில் தமிழக வனத்துறையால் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு செல்லப்பட்டது. மனிதரும் யானையும் நெருங்கி வாழ நேரும் இடங்களில் இரு தரப்பும் துன்புறுகின்றன, உயிர்களும் பறிபோகின்றன.

இந்நிலையில் காட்டின் விளிம்பில் பலாவும் வாழையும் கொண்ட பொதுத்தோட்டம் அமைப்பது, நல்லெண்ணத்தோடு ஊருக்கு ஆபத்தை அழைப்பதாக முடியும். யானைகள் நடமாடும் வழிகளை முதியோரிடமும் வனத்துறையினரிடமும் கேட்டறிந்து அவ்விடங்களை விலக்க வேண்டும். பலாவை ஊர் நடுவிலும், காட்டோரத்தில் யானை அதிகம் நாடாத நெல்லி போன்றவற்றையும் வைப்பது விவேகம். பறிக்கப்படாத பழங்கள் மரத்தடியில் அழுகிக் கிடக்கவும் விடலாகாது.

பழத்தோட்டம் என்னும் புல்வெளி

வட்டவடைக்கு அருகே, ஆனைமுடி சோலைத் தேசியப் பூங்காவில், பழத்தோட்டம் என்றே பெயர் கொண்ட இடம் ஒன்று உள்ளது. அங்கே அண்மை ஆண்டுகளில் உள்ளூர் மக்கள் வனத்துறையோடு சேர்ந்து செய்துவரும் பணி மரம் நடுவதன்று. முற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்ட சீகை என்னும் வாட்டில் மரங்களை அகற்றி, அம்மலைக்கே உரிய புல்லினங்களை அவர்கள் மீண்டும் வளர்க்கின்றனர். உயர்மலைப் புல்வெளி மழைநீரைத் தாங்கிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு அளிக்கும் இயல்புடையது. அந்நிய மரங்கள் சூழ்ந்தபோது நீரூற்றுகள் நலிந்தன. வட்டவடையிலும் காந்தளூரிலும் பரவிய கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரங்களைப் பற்றியும் உழவர்கள் இதே குறையைக் கூறிவருகின்றனர்.

புல்வெளி மீண்டால் கீழேயுள்ள ஊரின் பழமரங்களுக்கும் பூண்டு வயல்களுக்கும் நீர் கிடைக்கும். எனவே புல் நடுவதும் தோட்டப் பணியே. எங்கே நடக்கூடாது என்பதை அறிந்தவரே எங்கே நடலாம் என்பதையும் அறிவார்.

பழம் யாருக்கு?

பொதுத்தோட்டங்கள் பல, வறட்சியால் அழியாமல் தப்பினாலும் முதல் விளைச்சலின்போது பூசலால் அழிவதுண்டு. நீர் வார்த்தவர் ஒருவர், பறித்தவர் வேறொருவர் என்றால் அடுத்த கோடையில் குடம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே, கன்று நடும் நாளிலேயே பழப் பங்கீட்டை ஊர்க்கூட்டத்தில் பேசி எழுதி வைப்பது நன்று. முதற்பங்கு அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும், அடுத்தது முதியோருக்கும், பின்னர் காத்து வளர்த்த குடும்பங்களுக்கும் என்று முறை வகுக்கலாம். மிகுந்ததை விற்றால் அப்பணம் வேலிக்கும் எருவுக்கும் பயன்பட வேண்டும். கணக்கு அனைவரும் காண இருக்க வேண்டும். உச்சிக்கிளைப் பழங்களைப் பறவைகளுக்கு விட்டுவிடும் பழைய வழக்கத்தையும் மறத்தலாகாது.

பழத்தைக் குறிக்கும் ‘பலம்’ என்ற வடசொல்லிலிருந்தே தமிழில் ‘பலன்’ என்ற சொல் வந்தது. செயலின் விளைவையும் மரத்தின் கனியையும் ஒரே சொல்லால் குறித்தனர் முன்னோர். கொய்யாவை நட்டவர் ஓரிரு ஆண்டுகளில் சுவைக்கலாம். ஒட்டு மாவுக்கு நான்கைந்து ஆண்டுகளும், விதையிலிருந்து முளைத்த பலாவுக்கு ஏழெட்டு ஆண்டுகளும் ஆகும். புளியையும் நாவலையும் நடும் முதியவர், பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுக்காகவே நடுகிறார். பலனைத் தமக்கெனக் கருதாமல் பணி செய்வது என்ற உயர்ந்த கருத்து, இங்கே தத்துவமாக நில்லாமல் அன்றாட நடைமுறையாகிறது. தமக்கென விரும்பாதவர்தாம் பிறருக்கு உரிய பங்கைச் சரியாகக் காக்கவும் வல்லவர்.

நட்ட நாளில் எடுத்த புகைப்படத்தில் கன்றைச் சுற்றிப் பலர் நிற்பர். இரண்டாவது கோடையின் ஏப்ரல் மாதத்தில் குடத்தோடு வருபவர் சிலரே. அந்தச் சிலரை உருவாக்குவதும், அவர்களை மதித்துத் துணை நிற்பதும் சேவை அமைப்புகளின் உண்மையான பணி.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் ஊரில் சென்ற ஈராண்டுகளில் நடப்பட்ட கன்றுகளுள் எத்தனை இன்று உயிரோடு உள்ளன? சென்று எண்ணிப் பார்க்க முடியுமா?

2. கோடையில் நீர் வார்க்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை? அந்த எண்ணிக்கைக்கு எத்தனை கன்றுகள் பொருத்தமானவை?

3. உங்கள் பகுதியின் மண்ணையும் மழையையும் விலங்குகளின் வழியையும் நன்கறிந்த முதியவர் யார்? அவரிடம் கேட்க வேண்டியவை எவை?

4. பொதுமரத்தின் பழத்தை யார் முதலில் பெற வேண்டும்? அதை ஊரார் அனைவரும் எவ்வாறு ஒப்புக்கொள்ளச் செய்யலாம்?